முதல் பத்து நிமிடம்: பனிச்சரிவு மீட்புக் கருவிகளில் எதை வாங்குவது, எதை நம்புவது?

2013 ஏப்ரல் 20. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லவ்லேண்ட் கணவாய்க்குப் பக்கத்திலுள்ள ஷீப் கிரீக் பள்ளத்தாக்குக்குள் ஆறு பேர் புறப்பட்டார்கள். பனிமலைக்குப் புதியவர்கள் இல்லை. அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்திருந்தார்கள். ஆபத்தான சரிவின் அடிவாரத்தைக் கடக்கும்போது ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நடந்தார்கள். மீட்புக் கருவிகளும் கைவசம் இருந்தன. அவர்கள் கால் பட்ட அதிர்ச்சியில் மேலே தங்கியிருந்த பனிப்பாளம் உடைந்து இறங்கியது. ஆறு பேரும் சிக்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். ஆறாமவரால் ஒரு முன்கையை மட்டுமே அசைக்க முடிந்தது. வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேரும்வரை, ஏறத்தாழ நான்கு மணி நேரம், அவர் அப்படியே கிடந்தார். 1962-க்குப் பிறகு கொலராடோவில் ஒரே பனிச்சரிவு இத்தனை பேரைக் கொன்றதில்லை.

கருவிகளில் பழுது ஒன்றும் இல்லை. அவற்றை எடுத்து இயக்க மேலே ஒருவர்கூட மிஞ்சவில்லை என்பதுதான் அங்கே நடந்தது. பனிச்சரிவு மீட்புக் கருவி வாங்கப் போகும் எவரும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். நாம் காசு கொடுத்து வாங்கும் ஷவலும், புதைந்தவரைக் குத்தித் தேடும் கம்பியும் நம் உயிரைக் காப்பதில்லை. கூட வருபவரின் உயிரைத்தான் காக்கின்றன. நம் உயிர் அவர் முதுகுப்பையில் இருக்கிறது. எந்தக் கடையில் எந்த மாடல் மலிவு என்று விசாரிப்பதற்கு முன்னால், கூட வருபவர் என்ன வைத்திருக்கிறார், அதை அவருக்குப் பயன்படுத்தத் தெரியுமா என்று விசாரிக்க வேண்டும்.

பனிச்சறுக்கு மையங்களின் எல்லைக்குள் சரிவுகளைக் கண்காணிக்கவும், ஆபத்தான பனியை வெடிவைத்து முன்கூட்டியே இறக்கிவிடவும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டிய மலையைத்தான் பனிச்சறுக்கு உலகம் பேக்கன்ட்ரி என்கிறது. அங்கே காவலுக்கு யாரும் இல்லை. சரிவு நேர்ந்தால் ஹெலிகாப்டர் வந்து சேரும் நேரமும், புதைந்தவரால் மூச்சோடு இருக்க முடிகிற நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஆகவே ஒவ்வொரு கருவியையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்: அது எத்தனை நிமிடத்தை மிச்சப்படுத்துகிறது?

அந்த நிமிடங்களை மருத்துவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். 1994-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, சுவிட்சர்லாந்தில் பனியில் முழுதாகப் புதைந்தவர்களின் கணக்கை எடுத்தது. முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்திருந்தார்கள். 35-ஆவது நிமிடத்தில் அது மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. மலையேறிகளும் பயிற்றுநர்களும் மனப்பாடமாக வைத்திருந்த அந்தப் பதினைந்து நிமிடமும் இப்போது சுருங்கிவிட்டது. 1981 முதல் 2020 வரையிலான சுவிஸ் விபத்துகளை மறுபடி அலசி 2024-இல் வெளியான ஆய்வு, பத்தில் ஒன்பது பேர் பிழைக்கும் காலம் முதல் பத்து நிமிடம் மட்டுமே என்கிறது. முப்பதாவது நிமிடத்தில் பிழைத்திருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கனடாவின் நிலைமை இன்னும் கடுமை. அங்கே மரங்களிலும் பாறைகளிலும் மோதி இறப்பவர்களே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கடலோர மலைகளின் கனத்த பனியில் மூச்சும் சீக்கிரம் அடைத்துவிடுகிறது.

அதே 2024 ஆய்வில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அந்த நாற்பது ஆண்டுகளில், புதைந்தவரை வெளியே எடுக்க ஆகும் நேரம் 45 நிமிடத்திலிருந்து 25 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. முழுதாகப் புதைந்தவர்களில் உயிர் பிழைப்பவர்கள் 43.5 சதவீதத்திலிருந்து 53.4 சதவீதமாக உயர்ந்திருக்கிறார்கள். கருவிகளும் பயிற்சியும் சேர்ந்து செய்த வேலை இது. ஆனாலும் 25 நிமிடம் என்பது பத்து நிமிடத்தைக் காட்டிலும் மிக அதிகம். இந்த இடைவெளியில்தான் ஒரு நல்ல கருவிக்கும் மோசமான கருவிக்கும் வித்தியாசம் தெரிகிறது.

பீக்கன் என்று பனிச்சறுக்குக்காரர்கள் சொல்லும் டிரான்ஸீவர் வருவதற்கு முன்னால் இருந்தது ஒரு சிவப்புக் கயிறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவேரிய மலையேறி ஆய்கன் ஓர்ட்டெல் சொன்ன யோசனை அது. பல மீட்டர் நீளமுள்ள கயிற்றை இடுப்பில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால், ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஏதாவது ஒரு பகுதி மேலே தெரியும் என்பது கணக்கு. பல நேரங்களில் கயிறும் ஆளோடு சேர்ந்தே புதைந்தது. 1968-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், கார்னெல் வானூர்தி ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் லாட்டன், மார்பில் அணிந்துகொள்ளும் சிறு வானொலிக் கருவி ஒன்றை உருவாக்கினார். 'ஸ்காடி' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. கூட்டமாகப் போகும்போது எல்லோருடைய கருவியும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, சத்தம் கூடும் திசையில் போவார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அடிப்படை இதுதான்.

இடையில் ஒரு பெரிய குழப்பம் இருந்தது. அமெரிக்கக் கருவிகள் 2.275 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையிலும், ஐரோப்பாவின் புதிய கருவிகள் 457 கிலோஹெர்ட்ஸிலும் இயங்கின. ஒரே குழுவில் இருவகைக் கருவியும் இருந்தால் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க வழியில்லை. 457 கிலோஹெர்ட்ஸில் தூரம் அதிகம் கிடைத்ததால் 1980-களில் சர்வதேச மலை மீட்பு அமைப்பு அதையே பரிந்துரைத்தது. 1996-இல் அமெரிக்கத் தர அமைப்பும் ஏற்றுக்கொண்டது. இன்று எந்த நிறுவனத்தின் பீக்கனும் மற்ற எந்த நிறுவனத்தின் பீக்கனையும் கண்டுபிடிக்கும். நண்பரிடம் இருக்கும் அதே கம்பெனியைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பழைய அனலாக் கருவியைக் கொண்டு தேட நல்ல காதும் நிறையப் பயிற்சியும் வேண்டும். 1997-இல் அமெரிக்காவின் பேக்கன்ட்ரி ஆக்சஸ் நிறுவனம் 'டிராக்கர்' என்ற முதல் டிஜிட்டல் பீக்கனைக் கொண்டுவந்தது. திரையில் தூரம் மீட்டரில் தெரியும். போக வேண்டிய திசையை விளக்கு காட்டும். அதில் இரண்டு ஆண்டெனாக்கள் இருந்தன. பிறகு வந்தவை மூன்று ஆண்டெனாக் கருவிகள். புதைந்தவரின் கருவி செங்குத்தாக நின்றுவிட்டால், இரண்டு ஆண்டெனாக் கருவி மேற்பரப்பில் தவறான உச்சங்களைக் காட்டி, தேடுபவரைப் பக்கத்து இடத்தில் தோண்ட வைத்துவிடும். மூன்றாவது ஆண்டெனா அந்தத் தவறைச் சரிசெய்கிறது.

எனவே தேர்வு இங்கே எளிது. மூன்று ஆண்டெனா உள்ள டிஜிட்டல் கருவி. அதற்குக் குறைந்ததை வாங்கக் கூடாது. நண்பர் ஒருவர் பரணிலிருந்து எடுத்துத் தரும் பழைய அனலாக் கருவியை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். காலப்போக்கில் அதன் அலைவரிசை நழுவியிருக்கலாம். நழுவினால் மற்றவர்களின் புதிய கருவிக்கு அது எட்டாமல் போகும். விளம்பரங்கள் முன்னிறுத்தும் தேடல் தூரம் பெரும்பாலும் 40 மீட்டரிலிருந்து 70 மீட்டர் வரை இருக்கிறது. அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. முதல் சமிக்ஞையைப் பிடிப்பதில் சில விநாடிகள் மிச்சமாகலாம். நிமிடங்கள் வீணாவது கடைசி மூன்று மீட்டரில். அங்கே கருவியைப் பனியை ஒட்டித் தாழ்த்திப் பிடித்து, மெதுவாகக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்தி, எண் மிகக் குறைவாக வரும் புள்ளியைக் காண வேண்டும். அந்தக் கட்டத்தில் திரை எவ்வளவு வேகமாகவும் தெளிவாகவும் மாறுகிறது என்பதைக் கடையில் கையில் வைத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பலர் ஒரே நேரத்தில் புதைந்தால், கண்டுபிடித்தவரை அடையாளமிட்டு ஒதுக்கிவிட்டு அடுத்தவரைத் தேட உதவும் பொத்தான் வேண்டும். தடித்த கையுறையோடு பொத்தானை அமுக்க முடிய வேண்டும். அனுப்பும் நிலைக்கும் தேடும் நிலைக்கும் இடையிலான சுவிட்ச் தானாக நகரக் கூடாது. இது வெறும் கவலை இல்லை. பீப்ஸ் நிறுவனத்தின் டி.எஸ்.பி. வகைக் கருவிகள் சிலவற்றில் சுவிட்ச் தற்செயலாக நகரக்கூடும் என்ற புகார்கள் எழுந்து, 2021-இல் அவை திரும்பப் பெறும் அறிவிப்புக்கு ஆளாயின. எந்தக் கருவியை வாங்கினாலும் அதற்கு அத்தகைய அறிவிப்பு வந்திருக்கிறதா, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது வாங்குபவரின் கடமை.

பேட்டரி விஷயத்தில் கஞ்சத்தனம் உதவாது. ஐரோப்பியத் தரத்தின்படி ஒரு பீக்கன் 200 மணி நேரம் சமிக்ஞை அனுப்பிய பிறகும், உறைகுளிரில் ஒரு மணி நேரம் தேடும் அளவுக்குத் தெம்போடு இருக்க வேண்டும். இந்தக் கணக்கு, தயாரிப்பாளர் சொன்ன வகைப் பேட்டரிக்கு மட்டுமே பொருந்தும். பெரும்பாலான கருவிகளுக்கு அது ஆல்கலைன். வீட்டில் கிடக்கும் ரீசார்ஜபிள் பேட்டரியைப் போட்டால் மீதி எவ்வளவு என்று திரை காட்டுவது தவறாகிவிடும். பருவம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைக்காவிட்டால் அது கசிந்து உள்ளே அரித்துவிடும்.

கைபேசியின் தொல்லை தனி. பீக்கனுக்கு அருகில் உள்ள எந்த மின்னணுச் சாதனமும் அதைக் குழப்பும். அனுப்பும் நிலையில் 20 சென்டிமீட்டரும், தேடும் நிலையில் 50 சென்டிமீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மார்புப் பையில் கைபேசி, தலையில் கேமரா, கையில் சூடேற்றும் கையுறை என்று போகிறவர், தேடும்போது இல்லாத சமிக்ஞையைத் துரத்திக்கொண்டு ஓட நேரும். கைபேசியையே பீக்கனாக மாற்றித் தருவதாகச் சொன்ன செயலிகளும் வந்தன. அவை 457 கிலோஹெர்ட்ஸில் இயங்காதவை. மற்றவர்களின் பீக்கனோடு பேசாதவை. 2013-இல் கனடாவின் பனிச்சரிவு மையம் அவற்றை நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரித்தது.

அடுத்தது புரோப் எனப்படும் மடக்குக் கம்பி. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, ஆனால் இல்லாமல் போகக் கூடாது. பீக்கன் காட்டுவது ஓர் உத்தேசப் புள்ளியை. ஆள் எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார் என்பதைக் கம்பிதான் உறுதிசெய்யும். குறைந்தபட்சம் 240 சென்டிமீட்டர் நீளம். 280-300 இருந்தால் நல்லது. கார்பன் கம்பி எடை குறைவு, அலுமினியம் முரட்டுத்தனமாகத் தாங்கும். நூறு கிராம் மிச்சத்துக்காகக் கார்பனைத் தேடி ஓடத் தேவையில்லை. சரிவுக்குச் செங்குத்தாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள்வட்டமாகக் குத்திக்கொண்டே வர வேண்டும். ஆள் மீது பட்டதும் கம்பியை உருவக் கூடாது. தோண்டுபவர்களுக்கு அதுதான் வழிகாட்டி.

இனி ஷவல். மூன்று கருவிகளில் மிக மலிவானது, மிகக் குறைவாக யோசித்து வாங்கப்படுவது, ஆனால் அதிக நேரம் வேலை செய்வது.

பீக்கன் தேடல் பயிற்சி பெற்ற கைகளில் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். தோண்டுவது அவ்வளவு சீக்கிரம் முடியாது. முழுதாகப் புதைந்தவர் சராசரியாக ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பார். அவரை எடுக்க ஒரு டன்னுக்கும் மேலான பனியை நகர்த்த வேண்டும். உருண்டு வந்து நின்ற பனி, விழுந்தபோது இருந்த பஞ்சுத்தன்மையை இழந்து இறுகிவிட்டிருக்கும். பிளாஸ்டிக் ஷவல் அதில் பட்டுத் தெறிக்கும். ஆகவே அலுமினியத் தகடுதான் வேண்டும். கைப்பிடி நீளக்கூடியதாக, தடித்த கையுறையோடும் பிடிக்க வசதியாக இருக்க வேண்டும். எடையைக் குறைக்கிறேன் என்று நீளாத குட்டைப் பிடியோடு வரும் ஷவல்களைக் கடையிலேயே விட்டுவிடலாம். கால் மணி நேரம் குனிந்து தோண்டுபவரின் முதுகு அதைத் தாங்காது. தகட்டைச் செங்குத்தாக மாட்டி மண்வெட்டிபோல இழுத்துத் தோண்டும் வசதி சில ஷவல்களில் உண்டு. பெண்களும் உடல் பலம் குறைந்தவர்களும் அப்படி இழுக்கும்போது களைப்பில்லாமல் அதிக நேரம் வேலை செய்கிறார்கள். விலை சற்றுக் கூடினாலும் அந்த வசதி உள்ளதை எடுப்பதே மேல். ஷவலைப் பையின் வெளியே கட்டித் தொங்கவிடுவது கூடாது. சரிவின் இழுப்பில் அது பறந்துவிட்டால் குழுவுக்குத் தோண்ட ஒரு கை குறைகிறது.

எப்படித் தோண்டுவது என்பதே ஒரு பாடம். கம்பி குத்தியிருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஏறி நின்று தோண்டினால், கீழே இருப்பவருக்கு மூச்சுக்கு இருக்கும் சிறு இடமும் நசுங்கிவிடும். அதனால் கம்பியிலிருந்து புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழிறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் உள்ளே போக வேண்டும். சுவிட்சர்லாந்தின் மானுவல் கென்ஸ்வைன் இதை மேலும் ஒழுங்குபடுத்தினார். முன்னால் ஒருவர் பனியை வெட்ட, பின்னால் நிற்பவர்கள் 'வி' வடிவில் இருபுறமும் நின்று அதைத் துடுப்புப் போடுவது போன்ற அசைவில் கீழே தள்ளிக்கொண்டே இருப்பார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். தூக்கி எறிவதைவிடத் தள்ளுவது வேகம். இந்த வரிசையை ஒருமுறைகூடச் செய்து பார்க்காத நால்வர் ஒரே குழிக்குள் முண்டியடிப்பதைப் பயிற்சி முகாம்களில் வழக்கமாகப் பார்க்கலாம்.

பீக்கன், கம்பி, ஷவல் மூன்றும் சேர்ந்த தொகுப்பு அமெரிக்கச் சந்தையில் 400-500 டாலருக்குக் கிடைக்கும். அதற்கு மேல் கையில் பணம் இருப்பவரின் மனதை இழுப்பது ஏர்பேக்.

அதன் கதை ஒரு ஜெர்மானிய வனக்காவலரிடம் தொடங்குகிறது. ஜோசப் ஹோஹெனெஸ்டர் வேட்டையில் விழுந்த மானைத் தோளில் சுமந்து வரும்போது பனிச்சரிவில் சிக்கியும், புதையாமல் மேலேயே நின்றார். உடலின் மொத்தப் பருமன் கூடினால் ஆள் மேலே வருகிறார் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. பொட்டலத்தில் மிக்சரைக் குலுக்கும்போது நிலக்கடலை மேலே ஏறி, ஓமப்பொடி கீழே போவதும் இதே விதியால்தான். ஹோஹெனெஸ்டரின் காப்புரிமையை பீட்டர் ஆஷவர் 1980-இல் வாங்கி, 1985-இல் ஏ.பி.எஸ். என்ற பெயரில் முதுகுப்பையாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிடியை இழுத்தால் சில விநாடிகளில் 150 லிட்டர் அளவுக்குப் பை ஊதிவிடும்.

2012 பிப்ரவரி 19 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் கணவாய்க்கு அருகே டனல் கிரீக்கில் இறங்கிய பனிச்சரிவு நால்வரை அடித்துச் சென்றது. மூவர் இறந்தார்கள். நான்காமவரான பனிச்சறுக்கு வீராங்கனை எலிஸ் சாக்ஸ்டாட் ஏர்பேக்கை இழுத்திருந்தார். நெடுந்தூரம் உருண்டு வந்த பிறகு அவர் முகமும் கைகளும் வெளியே தெரியும்படி மேற்பரப்பில் கிடந்தார். அப்போதும் தானாக எழுந்துவர முடியவில்லை. கூட வந்தவர்கள்தான் தோண்டி விடுவித்தார்கள். இந்தச் செய்தி பரவியதும் ஏர்பேக் அணிந்தால் சாவில்லை என்பது போன்ற பேச்சு எழுந்தது.

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பாஸ்கல் ஹேகலி தலைமையில் 2014-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கடுமையாகச் சிக்கியவர்களில் ஏர்பேக் விரியாதவர்கள் அல்லது இல்லாதவர்கள் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். விரிந்தவர்கள் 11 சதவீதம் பேர். மரணம் பாதியாகிறது. ஏர்பேக் வைத்திருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பை விரியவே இல்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேல், இழுக்கத் தவறியதால். அதிர்ச்சியில் கை பிடியைத் தேடவில்லை, அல்லது பிடி வெளியே எடுக்கப்படாமல் வாருக்குள்ளேயே இருந்தது. எனவே ஏர்பேக் வாங்குபவர் வாரத்துக்கு ஒருமுறையாவது கண்ணை மூடிக்கொண்டு பிடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறையாவது நிஜமாகவே விரித்துப் பார்க்க வேண்டும்.

நிலப்பரப்பையும் பார்க்க வேண்டும். அகலமான வெட்டவெளிச் சரிவில் பனி நெடுந்தூரம் ஓடும்போது ஏர்பேக் ஆளை மேலே கொண்டுவர நேரம் கிடைக்கிறது. குறுகிய ஓடைப் பள்ளத்தில், மேலிருந்து வந்து குவியும் பனிக்கு அந்த நேரம் இல்லை. மரத்திலும் பாறையிலும் மோதுவதற்கு அது மருந்தில்லை; அங்கே தலைக்கவசம்தான் ஓரளவு உதவும்.

பையை ஊத அழுத்தவாயு சிலிண்டரா, மின்விசிறியா என்ற கேள்வியில் இமயமலைக்குப் போகும் ஆட்களுக்கு மின்விசிறியே வசதி. நிரப்பிய சிலிண்டரோடு விமானம் ஏறுவதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே இல்லை. 2014-இல் பிளாக் டைமண்ட் நிறுவனம் மின்விசிறி வகையைக் கொண்டுவந்தது. பிறகு சூப்பர் கெப்பாசிட்டர் வகை வந்தது. அது குளிரில் சீக்கிரம் சோர்வதில்லை, மறுபடி மின்னேற்றிக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் விரித்துப் பழகலாம். பழகுவதற்குத் தயங்காமல் இருப்பதே அதன் பெரிய பலம்.

ஏர்பேக்கின் விலை 700 டாலரிலிருந்து 1,500 டாலர் வரை போகிறது. பீக்கன், கம்பி, ஷவல் மூன்றும் இல்லாமல் ஏர்பேக் மட்டும் வாங்குவது தவறு. அதை அணிந்தவர் தான் பிழைக்க வழி தேடிக்கொண்டு, நண்பரை மீட்கக் கையில் எதுவும் இல்லாமல் நிற்பார்.

ரெக்கோ என்ற பெயருள்ள சிறு பட்டை பல குளிர் ஜாக்கெட்டுகளின் கையில் தைக்கப்பட்டிருக்கும். 1973-இல் ஸ்வீடனின் ஓரே என்ற ஊரில் பனிச்சரிவு நேர்ந்தபோது அங்கிருந்த மாக்னஸ் கிரான்ஹெட், வெறும் கம்பிகளால் ஆட்களைத் தேடிய அவலத்தைப் பார்த்து இந்த முறையை உருவாக்கினார். பட்டையில் பேட்டரி கிடையாது. மீட்புக் குழுவிடம் உள்ள கருவி அனுப்பும் ராடார் அலையை அது திருப்பி எதிரொலிக்கும். 1987-இல் சுவிட்சர்லாந்தின் லென்ட்சர்ஹைடேயில் முதன்முதலாக ஒருவரை உயிரோடு மீட்க உதவியது. நல்ல கூடுதல் பாதுகாப்பு. ஆனால் அந்தக் கருவியோடு மீட்புக் குழு வந்து சேர வேண்டும். கூட வந்த நண்பரால் ரெக்கோவைத் தேட முடியாது. பட்டை தைத்த ஜாக்கெட் இருக்கிறதே, பீக்கன் எதற்கு என்று நினைப்பவர்களை இந்தப் புரிதலின்மையே ஆபத்தில் தள்ளுகிறது.

பனியில் புதைந்தவரைப் பெரும்பாலும் கொல்வது குளிர் இல்லை, மூச்சடைப்பு. தன்னுடைய வெளிமூச்சையே மறுபடி மறுபடி உள்ளிழுத்து, ஆக்சிஜன் குறைந்து அவர் மயங்குகிறார். பனிக்குள் காற்று நிறைய இருக்கிறது. வாய்க்கு முன்னால் இருக்கும் காற்றுத்தான் கெடுகிறது. வெளிமூச்சை முதுகுப் பக்கம் தள்ளிவிடும் 'அவாலங்' என்ற குழாயை பிளாக் டைமண்ட் சில காலம் விற்றது. சரிவு வரும் நொடியில் குழாயை வாயில் கவ்வ வேண்டும்; நடைமுறையில் அது கடினம், பின்னர் விற்பனையும் நின்றுபோனது. நார்வேயின் சேஃப்பேக் இப்போது சிறு விசிறி வைத்த பையை விற்கிறது. அது பனிக்குள் இருக்கும் காற்றை முகத்துக்கு முன்னால் தள்ளுகிறது. வாயில் எதையும் கவ்வ வேண்டாம். இத்தாலியின் போல்சானோவிலுள்ள யூராக் ஆய்வு நிறுவனத்தார் தன்னார்வலர்களைக் கண்காணிப்போடு பனியில் புதைத்து இதைச் சோதித்து, 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதனம் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களிலேயே ரத்த ஆக்சிஜன் அபாய அளவுக்கு இறங்கியது. சாதனம் இருந்தவர்களில் பெரும்பாலோர் 35 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். உண்மையான விபத்தில் உருண்டு நசுங்கி வரும் உடலுக்கு இது எவ்வளவு உதவும் என்பது விபத்துகளின் கணக்கு சேர்ந்த பிறகே தெரியும். ஆனாலும் பத்து நிமிடத்தை நீட்டிக்கும் முயற்சிகளில் இதுவரை வந்தவற்றில் இதுவே அதிக நம்பிக்கை தருகிறது.

காற்று கிடைத்தால் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல்சாவடி மீது பனிச்சுவர் சரிந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரை மூடியது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து, ஏறத்தாழ 25 அடி ஆழத்திலிருந்து கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணா அருகே எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர் முகாமைப் பனிச்சரிவு மூடியபோது சிக்கிய 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டார்கள். பலரைக் காத்தது அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள். நசுங்காத இடமும் அதற்குள் இருந்த காற்றும். திறந்த சரிவில் நடக்கும் பயணிக்கு அந்தப் பெட்டி இல்லை.

இமயமலையில் எங்கும் முதல் மீட்பாளர் கூட வருபவரே. காஷ்மீரின் குல்மார்கில் கண்டோலாவின் இரண்டாம் கட்டம் 2005-இல் திறக்கப்பட்டபின், அஃபர்வட் முகடு வரை எவரும் எளிதாக ஏறிவிடலாம்; முகட்டிலிருந்து இருபுறமும் காவலற்ற சரிவுகள். அங்கே 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில், உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனப் பயிற்சிக் குழுவினர் பலரை ஒரே சரிவு பனிப்பிளவுக்குள் தள்ளியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 29 பேர். பனிச்சறுக்குக்காரர்கள் அளவுக்கு நம் நாட்டு மலையேறிகளிடம் பீக்கன் அணியும் பழக்கம் இன்னும் பரவவில்லை. கடும் குளிர்காலத்தில் மட்டுமே பனிச்சரிவு வரும் என்ற நினைப்பு அந்த அக்டோபரோடு போயிருக்க வேண்டும்.

உதவிக்கு அழைக்கும் சாதனத்தில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. ஆல்ப்ஸிலும் அமெரிக்காவிலும் பயணிகள் சாதாரணமாகக் கொண்டுபோகும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே குழுவுக்குள் பேச அனுமதியுள்ள வாக்கிடாக்கி, கிளம்பும் ஊரில் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு வருவது, உள்ளூர் வழிகாட்டி ஆகியவற்றையே நம்ப வேண்டியிருக்கிறது. இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழுள்ள டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைக் காலையில் பார்ப்பதும் அதே பட்டியலில் வரும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில் தொடங்குகின்றன; விபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டுவது சிக்கியவரோ அவர் குழுவில் ஒருவரோதான். சரிவின் கோணத்தை அளக்கும் சிறு கருவி மிக மலிவு. வாங்கும் பட்டியலில் அதற்கு ஏர்பேக்குக்கு முன்னால் இடம் தர வேண்டும்.

ஒரு குழுவுக்குக் குறைவான பணம்தான் இருக்கிறது என்றால் கணக்கு இப்படி வரும்: எல்லோருக்கும் மூன்று ஆண்டெனா பீக்கன், 280 சென்டிமீட்டர் கம்பி, அலுமினிய ஷவல். மீதியில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. ஏர்பேக் அதற்குப் பிறகு. நால்வரில் ஒருவருக்கு மட்டும் ஏர்பேக் வாங்கி, மற்ற மூவர் பிளாஸ்டிக் ஷவலோடு போவது அந்த ஒருவருக்கும் நல்லதில்லை.

குல்மார்கிலும் மணாலியிலும் வாடகைக்குக் கிடைக்கும் கருவிகளை அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்பக் கூடாது. பீக்கனின் பேட்டரி மூடியைத் திறந்து துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டெனா எத்தனை என்று கேட்க வேண்டும். கம்பியை வீசி விரித்துப் பூட்டிப் பார்க்க வேண்டும். கண்ணி தளர்ந்திருந்தால் வேறு கேட்க வேண்டும். ஷவலின் பிடியை மாட்டித் தரையில் ஊன்றி உடல் எடையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிறகு கடைக்கு வெளியிலுள்ள பனியிலேயே, குழுவில் ஒருவர் தன் பீக்கனை அனுப்பும் நிலையில் பைக்குள் வைத்துப் புதைக்க, மற்றவர்கள் கையுறையைக் கழற்றாமல் தேடி, குத்தி, தோண்டி எடுக்கலாம். மறுநாள் காலை மலையில் காலெடுத்து வைக்குமுன் ஒருவர் முன்னே போய்த் தேடும் நிலையில் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக வேண்டும். யாருடைய பீக்கன் ஒலிக்கவில்லையோ அவர் அன்றைக்குச் சரிவில் ஏறக் கூடாது.